குடலுக்குள் ஒரு மலையக வரலாறு

கம்பளை என்ற பெயரைக் கேட்டதும் வரலாற்று மாணவர்களின் நினைவில் எழுவது 14ஆம் நூற்றாண்டின் இராசதானி. நான்காம் புவனேகபாகு மன்னன் 1341இல் மகாவலி கங்கையின் கரையில் அமைத்துக்கொண்ட தலைநகரம் அது. எனக்கோ அது பிறந்து வளர்ந்த ஊர். ஆனால் அண்மைக் காலமாக அந்தப் பெயரைக் கேட்கும்போது ஒரு வைத்தியசாலையின் நீண்ட விறாந்தையும், அதன் வாங்கிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்த என் அக்காவும் கண்முன்னே வருகின்றனர்.

அக்காவின் மகனுக்கு வயது 27. கம்பளையில் படித்து, கொழும்பில் கணினித்துறையில் வேலை பெற்று, நான்கு ஆண்டுகளில் உடல் பருத்துப்போனவன். பின்னர் அடிக்கடி வயிற்றுவலி, வயிற்றோட்டம், குருதிப்போக்கு. பல மாத அலைச்சலுக்குப் பின் குழாய்க் கமராவை உட்செலுத்திப் பார்த்த வைத்தியர்கள் குறோன் நோய் என்றனர். குடற்சுவர் தானாக அழற்சி கொள்ளும் நாட்பட்ட நோய்களில் ஒன்று அது. மற்றது பெருங்குடல் புண் அழற்சி. பார்க்க வந்த உறவினர்களில் பெரும்பாலோர் ஒரே தீர்ப்பைத்தான் வழங்கினர்: “கண்ட கண்ட கடைச் சாப்பாட்டைத் தின்றால் வேறென்ன வரும்?” அன்று மாலை அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, நான் பிள்ளைக்கு என்ன பிழையாகச் சாப்பிடக் கொடுத்தேன்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. செய்திகளோடும் பழைய ஏடுகளோடும் வாழ்நாளைக் கழித்தவன் என்ற வகையில், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைத் தேடினேன். நோயின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்ட பாதை, வியப்பூட்டும் வகையில், எங்கள் ஊருக்கே என்னைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது.

1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். மலைநாட்டின் முதலாவது வர்த்தகக் கோப்பித் தோட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதனையே. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் ஊக்கம் அதற்குப் பின்னணியாக இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் மலைநாட்டுக்கு அழைத்துவரப்பட்ட கதையும் அக்காலத்தில்தான் தொடங்குகிறது. 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவுகூரப்பட்டபோது கணக்கு எண்ணப்பட்டதும் இந்த ஆண்டிலிருந்துதான். அந்த 200 ஆண்டுகளைப் பற்றி எழுதியவர்கள் கூலியைப் பற்றி எழுதினர், குடியுரிமையைப் பற்றி எழுதினர், லயத்தைப் பற்றியும் எழுதினர். குடலைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆனால் மனிதன் இடம்பெயரும்போது அவனோடு கோடானு கோடி நுண்ணங்கிகளும் இடம்பெயர்கின்றன. அவன் உண்பது மாறினால் அவையும் மாறுகின்றன.

கோப்பி, 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அந்தத் தோட்டங்களில் ஒரே மலைச்சரிவில் இரு வேறு குடல்நோய்கள் வாழ்ந்தன. ஒன்று பங்களாவில், மற்றது லயத்தில்.

பங்களாவின் நோய்க்கு ஸ்புரூ என்று பெயர். ஒல்லாந்த மொழியிலிருந்து வந்த சொல் அது. நாக்கும் வாயும் புண்ணாகி, வெளிறிய நுரைத்த மலம் பெருமளவில் கழிந்து, உடல் எலும்பாய் மெலிந்து, குருதி வற்றிப்போகும் நோய். ஐரோப்பியத் துரைமாரை அது பிடித்து ஆட்டிய விதத்தால், ஆங்கில மருத்துவ நூல்களில் அதற்கு ‘சிலோன் புண்வாய்’ என்ற மறுபெயரே ஏற்பட்டது. எங்கள் தீவின் பெயரைச் சுமந்து உலகம் சுற்றிய நோய்களில் ஒன்று. 1903 முதல் கொழும்பில் நுண்ணுயிரியல் ஆய்வு நடத்திய இத்தாலியரான அல்டோ கஸ்ரெலானி இந்நோயை ஆராய்ந்தார். பிலிப் பார் என்ற ஆங்கில மருத்துவர் 1912 முதல் 1914 வரை இலங்கையில் தங்கி ஆய்வு செய்து 1915இல் தனி நூலொன்றே வெளியிட்டார். ஒருவகைப் பூஞ்சணமே காரணம் என்று அக்காலத்தில் ஐயுறப்பட்டது. பால் உணவு, இறைச்சி உணவு, ஸ்ட்ரோபெரிப் பழம் என்று பலவும் மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டன. எதற்கும் மசியாத துரைமார் கப்பலேறித் தாயகம் திரும்பினர்.

லயத்தின் நோய் கொழுக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் நுண்ணிய குடம்பி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, சிறுகுடலில் கடித்துத் தொங்கியபடி குருதியை உறிஞ்சும். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் மனிதனை வெளிறச் செய்து, மூச்சு வாங்கவைத்து, மலையேற முடியாதவனாக்கிவிடும். அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1916இல் மாத்தளைப் பகுதியில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. தோட்டங்களில் பரிசோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருப்பது கண்டறியப்பட்டது. பேதி மருந்தோடு கெனோபோடியம் எண்ணெய் கொடுக்கப்பட்டது. புழு வெளியேறியது. சில மாதங்களில் மீண்டும் குடியேறியது. காரணம் எளிது: மருந்து கொடுக்கப்பட்டதே தவிர, கழிப்பறை கட்டப்படவில்லை. கழிப்பறைக்கான செலவை ஏற்கத் தோட்ட நிருவாகங்கள் காட்டிய தயக்கம் அவ்வியக்கத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. துரையின் வயிறு கெட்டபோது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது வெப்பமண்டலக் காலநிலை. தொழிலாளியின் வயிறு கெட்டபோது கூண்டில் ஏற்றப்பட்டவன் அவனேதான். ‘கூலிகளின் அசுத்தப் பழக்கம்’ என்பது அக்கால நிருவாக மொழியின் வாய்பாடு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பத்தை அடைத்து, கழிப்பறையும் கொடுக்காமல், தேயிலைச் செடிகளுக்கிடையே ஒதுங்கும் மனிதனிடம் பழக்கத்தை மாற்றிக்கொள் என்று போதித்த காலம் அது.

ஸ்புரூவின் மர்மம் பின்னர் அவிழ்ந்த விதமும் இதற்குப் பொருத்தமான பாடமே. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்களின் கர்ப்பகாலக் குருதிச்சோகையை ஆராய்ந்து, நம் வீடுகளில் பாணில் பூசித் தின்னும் அதே மார்மைட்டில் அதற்கான மருந்து இருப்பதை 1931இல் அறிவித்தார். அந்த மருந்துப்பொருள் போலிக் அமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. ஸ்புரூ நோயாளிகளும் அதனால் தேறினர். 1960களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் வட ஆற்காட்டுக் கிராமங்களில் அந்நோய் கொள்ளைநோயாகவே பரவியதை ஆராய்ந்தனர். வெள்ளையரின் நோய் என்று எண்ணப்பட்டது ஏழை விவசாயிகளையும் கொன்றுகொண்டிருந்தது. அதுவரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பற்றீரியாக்கள் அதிகம் வாழக்கூடாத சிறுகுடலில் அவை பெருகிக் குடியேறுவது இந்நோயோடு தொடர்புடையது என்பதும் அப்போது தெளிவாயிற்று. போலிக் அமிலத்தோடு நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்தபோது நோயாளிகள் குணமடைந்தனர். பழியைச் சுமந்த காலநிலை, ஓசையின்றி விடுதலையாயிற்று.

என் பாட்டியின் காலத்தில் லயத்தில் என்ன உண்டனர்? தோட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்ட அரிசி, பருப்பு, கீரை, இரவு மிஞ்சியதில் நீரூற்றி மறுநாள் காலையில் பழஞ்சோறு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. கோதுமை மா பங்கீட்டுக்குள் நுழைந்தது. பின்னர் வெளிநாட்டு உதவியாகவும் இறக்குமதியாகவும் மா தொடர்ந்து வந்தது. மலையகத்தின் காலை உணவு ரொட்டியும் கட்டச்சம்பலும் சீனி போட்ட சாயத்தண்ணீருமாக மாறியது. 1973, 1974 பஞ்ச காலத்தில் அதுவும் கிடைக்காமல் தோட்டங்களில் மக்கள் மாண்டனர். அந்த நாட்களை நேரில் கண்டவர்கள் எவரும் “ஏன் இவ்வளவு மா தின்கிறீர்கள்?” என்று கேட்கத் துணியமாட்டார்கள். பசித்தவனுக்கு மலிவாகக் கிடைத்த மாவே தெய்வம்.

அதன் பின்னர் கழிப்பறைகள் வந்தன. பாடசாலைகளில் பூச்சிக் குளிசை கொடுக்கப்பட்டது. நானும் வரிசையில் நின்று விழுங்கியவன்தான். நுண்ணுயிர்க்கொல்லிகள் எங்கும் கிடைத்தன. பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சாவது குறைந்தது. இவை மாபெரும் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே காலகட்டத்தில், உலகெங்கும், வேறொரு வரிசை நோய்கள் மெல்லத் தலைதூக்கின.

2010இல் வெளியான ஆய்வொன்று கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் இலட்சம் பேருக்கு 5.3 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சியும், 1.2 பேருக்குக் குறோன் நோயும் இருப்பதாகக் கணக்கிட்டது. இலங்கையும் பங்குபற்றிய ஆசிய பசுபிக் ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் புதிதாக அழற்சிக் குடல்நோய் காண்போர் ஆசியாவில் இலட்சத்துக்கு 1.37 பேர், அவுஸ்திரேலியாவில் 23.67 பேர் என்றது அது. எண்ணிக்கை சிறிது, ஆனால் போக்கு தெளிவு: எங்கெல்லாம் நகரமயமும் கைத்தொழில்மயமும் நுழைகின்றனவோ, அங்கெல்லாம் ஒரு தலைமுறை இடைவெளியில் இந்நோய் பின்தொடர்கிறது. கனடாவின் ஒன்ராறியோவில் நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு இன்னும் துலாம்பரமானது. தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களுக்கு அழற்சிக் குடல்நோய் குறைவு. அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளுக்கோ ஏனைய கனடியருக்கு ஒப்பான ஆபத்து. மரபணு ஒரு தலைமுறையில் மாறுவதில்லை. மாறியது சூழலும் உணவும், அவற்றோடு குடலின் குடிமக்களும்.

அந்தக் குடிமக்களுக்கும் உடற்பருமனுக்கும் உள்ள உறவை முதலில் துலக்கியவை எலிகள். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டனின் குழு, பிறப்பிலிருந்தே எந்த நுண்ணங்கியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குச் சாதாரண எலியின் குடற் பற்றீரியாக்களைக் கொடுத்தது. இரண்டே வாரங்களில் அவற்றின் கொழுப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. அவை முன்னரைவிடக் குறைவாகவே உண்டன என்பதுதான் விந்தை. 2004இல் வெளியான ஆய்வு இது. 2013இல் அதே குழு, ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல் நுண்ணங்கிகளைத் தனித்தனியே எலிகளுக்கு மாற்றியது. பருத்தவரின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகள் பருத்தன. எவ்வளவு உண்கிறோம் என்பது மட்டுமன்றி, உண்டதை உள்ளே யார் பங்கு பிரிக்கிறார்கள் என்பதும் கணக்கில் சேரவேண்டும் என்றாயிற்று.

பருமனையும் குடல் அழற்சியையும் ஒரே முடிச்சில் கட்டிக்காட்டியது 2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு. ஐஸ்கிறீம் முதலிய பொதிசெய்த உணவுகளில் எண்ணெயும் நீரும் பிரியாதிருக்கச் சேர்க்கப்படும் இரண்டு இரசாயனங்களை எலிகளுக்குக் கொடுத்தனர். குடற்சுவரைப் பாதுகாக்கும் சளிப்படலத்துக்குள் பற்றீரியாக்கள் நெருங்கி ஊடுருவின. சாதாரண எலிகள் பருத்து, குருதியில் சீனி ஏறின. மரபால் பலவீனமான எலிகளுக்குக் குடல் அழற்சியே வந்தது. நுண்ணங்கி அற்ற எலிகளுக்கு எதுவும் நேரவில்லை. ஒரே தீ, ஒரு வீட்டில் புகையாகவும் மற்றொரு வீட்டில் சுவாலையாகவும் தெரிவதைப் போன்றது இது. மனிதரிலும் பருமனானவர்களுக்குக் குறோன் நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று அமெரிக்கத் தாதியரிடம் பல்லாண்டு நடத்திய ஆய்வு கூறுகிறது. பெருங்குடல் புண் அழற்சியில் அவ்வாறான தொடர்பு காணப்படவில்லை. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதனுக்கும் நேரும் என்பதில்லை. நோயாளியின் குடலில் நுண்ணங்கிகள் குலைந்திருப்பது காரணமா விளைவா என்ற விவாதமும் முடியவில்லை. ஆயினும் திசை தெளிவாகிவிட்டது.

நார்ப்பொருளின் பங்கையும் இங்கே சொல்லவேண்டும். கீரை, பருப்பு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் நம்மால் செரிக்க முடியாத பகுதியைப் பெருங்குடலின் பற்றீரியாக்கள் நொதிக்கச்செய்து கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரேட் குடற்சுவர்க் கலங்களின் முதன்மை உணவு. நார் கிடைக்காதபோது சில பற்றீரியாக்கள் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் கண்டிருக்கின்றனர். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய மொங், கரன் இனப் பெண்களை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, குடியேறிய சில மாதங்களிலேயே நார்ப்பொருளைச் செரிக்கும் பற்றீரியாக்கள் குறையத் தொடங்குவதையும், அடுத்த தலைமுறையில் அந்த இழப்பு மேலும் ஆழமாவதையும் காட்டியது. இதை வாசித்தபோது சிங்ஹபிட்டியவுக்கு நடந்து வந்தவர்களை நினைத்துக்கொண்டேன். கூடவே கம்பளையிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறிய அக்காவின் மகனையும்.

அப்படியானால் புழுவும் அழுக்கும் நிறைந்த பழைய காலமே நல்லதா? அவ்வாறு சொல்பவர்களும் இருக்கின்றனர். அமெரிக்காவில் ஜோயல் வைன்ஸ்ரொக் என்ற மருத்துவரின் குழு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் குடிக்கக் கொடுத்து 2005இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டது. ஆனால் பின்னர் நடந்த பெரிய பரிசோதனைகளில் குறோன் நோயாளிகளுக்கு அதனால் பயன் கிட்டவில்லை. புழுவோடு வாழ்ந்த எங்கள் முன்னோரின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அறிந்த எவரும் அக்காலத்துக்காக ஏங்கமாட்டார். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடளாவிய அளவு 17 சதவீதம் மட்டுமே. ஒரே குடும்பத்தில் மெலிந்த பிள்ளையும் பருத்த மாமனும் இருக்கும் காலம் இது. பஞ்சம் போகுமுன்னரே மிகுதியின் நோய் வந்து சேர்ந்துவிட்டது.

பழைய வாழ்வில் மீட்கத்தக்கது எதுவெனத் தேடுவோரின் வழி வேறு. வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணாவின் குழு, எளிதில் செரிக்காத மாப்பொருளை உப்புக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் வாந்திபேதி நோயாளியின் வயிற்றோட்டம் விரைவில் அடங்குவதை 2000இல் நிறுவியது. மாவைக் குடற் பற்றீரியாக்கள் கொழுப்பமிலமாக்க, அது நீரையும் உப்பையும் உடல் ஈர்த்துக்கொள்ள உதவுகிறது. ஆக்கி ஆறிய சோற்றிலும் அத்தகைய மாப்பொருள் கூடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழஞ்சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு எந்த அளவுக்கு உதவுகிறது என்ற ஆய்வு தமிழ்நாட்டு அரசின் ஆதரவோடு மேற்கொள்ளப்பட்டது. பழஞ்சோறு மருந்து என்று நான் பறைசாற்றவில்லை. வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுச் சட்டியைத் திறப்பது ஆபத்து. ஏழைகளின் உணவென்று நாம் ஒதுக்கிய ஒன்றை ஆய்வுகூடம் மரியாதையோடு எடுத்துப் பார்க்கிறது என்பதே என் மகிழ்ச்சி.

சென்ற மாதம் கம்பளைக்குப் போயிருந்தேன். மருந்தின் துணையால் பிள்ளை தேறி வேலைக்குத் திரும்பிவிட்டான். அக்கா அடுப்படியில் இருந்தார். விறாந்தையில் கேட்ட கேள்விக்கான பதிலை அன்று சொன்னேன்.

“அக கா, நீங்கள் பிழையாக ஒன்றும் கொடுக்கவில்லை. எங்கள் பாட்டனுக்குப் புழு வந்தபோது அசுத்தம் என்றார்கள். கழிப்பறை கட்டிக் கொடுக்காதவர்களைக் கேட்கவில்லை. இன்று உங்கள் பிள்ளைக்கு வருத்தம் வந்ததும் வாய்க்கொழுப்பு என்கிறார்கள். பன்னிரண்டு மணிநேரம் கதிரையில் இருத்திவைத்து, பக்கத்தில் பொதி உணவைத் தவிர வேறெதுவும் மலிவாகக் கிடைக்காத ஊரை யாரும் கேட்கவில்லை.”

அக்கா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்படியென்றால் யாரில்தான் பிழை, தம்பி?” என்றார்.

தனியொருவரில் இல்லை என்றேன். கொழுக்கிப்புழுவை அடக்கியது உபதேசமல்ல, மருந்தோடு சேர்ந்து வந்த கழிப்பறையும் காலணியும் சுத்தமான நீரும். இந்தப் புதிய நோய்களையும் பழிச்சொல் அடக்கப்போவதில்லை. கீரையும் பருப்பும் மலிவாகக் கிடைக்கவேண்டும், பொதியின் மீது உள்ளிருப்பது ஒளிக்காமல் எழுதப்படவேண்டும், தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் தவிர்க்கப்படவேண்டும், வேலைசெய்யும் பிள்ளைக்குச் சமைத்து உண்ண நேரமிருக்கவேண்டும். 200 ஆண்டுகளுக்கு முன் இந்த மலைக்கு வந்தவர்களின் குடலை அவர்கள் மட்டும் தீர்மானிக்கவில்லை. இன்றும் அப்படித்தான்.

அக்கா தலையசைத்துவிட்டுச் சுண்டிய வல்லாரைக் கீரையை ஒரு பாத்திரத்தில் இட்டு மூடினார். பிள்ளை கொழும்புக்குக் கொண்டுபோவதற்காக என்றார்.